நேஷனல் மார்க்கெட்டிலிருந்து டெலிகிராம் வரை: திருட்டு நகலின் பொருளாதாரம்

2024 அக்டோபரில் கொச்சி சைபர் போலீசார் பெங்களூருவுக்கு வந்து இரண்டு பேரைப் பிடித்துச் சென்றார்கள். இருவரும் தமிழ்நாட்டுக்காரர்கள். டோவினோ தாமஸ் நடித்த ‘அஜயன்டே ரண்டாம் மோஷணம்’ என்ற மலையாளப் படத்தைக் கோயம்புத்தூர்த் தியேட்டர் ஒன்றில் உட்கார்ந்து படம்பிடித்து இணையத்தில் ஏற்றினார்கள் என்பது வழக்கு. பிடிபட்டபோது, அந்த வாரம்தான் வெளியாகியிருந்த ரஜினிகாந்தின் ‘வேட்டையன்’ பிரதியும் அவர்களிடம் இருந்ததாகச் செய்திகள் வந்தன.

அதே மாதம் இன்னொரு செய்தி. எர்ன்ஸ்ட் அண்ட் யங் நிறுவனமும் இந்திய இணைய, மொபைல் சங்கமும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. 2023இல் இந்தியாவில் திருட்டு நகல்களின் பொருளாதாரம் 22,400 கோடி ரூபாய். அதில் 13,700 கோடி தியேட்டர் படங்களைச் சேர்ந்தது, 8,700 கோடி ஓ.டி.டி. தளங்களைச் சேர்ந்தது. நாட்டில் படமும் பாட்டும் நுகர்வோரில் 51 சதவீதம் பேர் திருட்டு வழிகளையும் நாடுகிறார்கள். அன்றிலிருந்து திரைத்துறை மேடைகளில் 22,400 கோடி என்ற எண் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது.

எண் பெரியது. ஆனால் அது எதை அளக்கிறது, யாருடைய பணம், எங்கே போனது என்ற கேள்விகள் மேடையில் எழுவதில்லை. திருட்டு நகலைப் பற்றிய பேச்சு நம்மிடையே பெரும்பாலும் இரண்டு கோஷங்களாகச் சுருங்கிவிட்டது. தயாரிப்பாளர் தரப்பு திருடன் என்கிறது, ரசிகர் தரப்பு டிக்கெட் விலையைப் பார் என்கிறது. இரண்டிலும் உண்மை உண்டு, இரண்டும் போதாது. நாற்பது ஆண்டு வரலாற்றையும், ஆய்வாளர்கள் கண்டறிந்ததையும், பெங்களூருவில் தமிழ்ப் படம் பார்ப்பவர்களின் அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்தால் வேறொரு கேள்விதான் முதன்மையாக நிற்கிறது: ஒருவர் ஒரு படத்தைப் பார்ப்பதால் பிறக்கும் காசு எந்த வழியாகப் போய் யார் கையில் சேருகிறது?

எண்பதுகளில் பாட்டு கேட்டவர்களுக்கு ரெக்கார்டிங் சென்டர் நினைவிருக்கும். கோடு போட்ட நோட்டுத் தாளில் பாட்டின் முதல் வரியும் படத்தின் பெயரும் எழுதிக் கொடுக்க வேண்டும். அறுபது நிமிடக் கேசட்டா, தொண்ணூறா என்று கேட்பார்கள். ‘ஏ’ பக்கத்தின் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடாதபடி கடைக்காரர் நிமிடக் கணக்குப் போட்டு வரிசையை மாற்றி அமைப்பார். சொன்ன நாளில் போனால் கேசட்டும், உறைமேல் பந்து முனைப் பேனாவால் எழுதிய பாட்டுப் பட்டியலும் தயாராக இருக்கும். காலி கேசட்டின் விலை, பதிவுக் கூலி இரண்டும் கடைக்காரருக்கு. இசையமைத்தவருக்கும் எழுதியவருக்கும் பாடியவருக்கும் இசைத்தட்டுக் கம்பெனிக்கும் ஒன்றும் கிடையாது. சட்டப்படி அது திருட்டுத்தான். ஆனால் எந்தக் கம்பெனியும் அன்றைக்கு விற்காத ஒன்றை, அதாவது கேட்பவர் விரும்பிய பாட்டுகளை விரும்பிய வரிசையில், அந்தக் கடை விற்றது. அதே சேவையைக் கம்பெனிகளே பிளேலிஸ்ட் என்ற பெயரில் கொடுக்க முப்பது ஆண்டு ஆயிற்று.

வடக்கே அதே காலத்தில் 1983இல் குல்ஷன் குமார் தொடங்கிய டி-சீரிஸ் கேசட் விலையைக் கீழே இறக்கி, மளிகைக் கடைக்கும் பான் கடைக்கும் கேசட்டைக் கொண்டுபோனது. புகழ்பெற்ற பாட்டுகளை வேறு குரலில் பாடவைத்து விற்றது. பதிப்புரிமைச் சட்டத்தில் அதற்கு ஒரு சந்து இருந்தது. பீட்டர் மேனுவல் 1993இல் எழுதிய ‘கேசட் கல்ச்சர்’ நூல் இந்தக் காலத்தை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. இன்று உலகின் மிகப் பெரிய யூடியூப் சேனல்களில் ஒன்றை நடத்தும், பதிப்புரிமைக்காக ஊர் ஊராக வழக்காடும் நிறுவனம், பழைய கம்பெனிகளின் கண்ணுக்கு அன்று கொள்ளைக்காரனாகத் தெரிந்தது.

பாட்டை அடுத்துப் படம். டெக்கும் கலர் டி.வி.யும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, மூன்று படம் விடிய விடியப் பார்த்த காலம். தமிழ்நாடு அரசு வீடியோக் காட்சிகளை முறைப்படுத்த 1984இலேயே தனிச் சட்டம் போட்டது. பிறகு கேபிள்காரர் புதுப் படத்தைத் தன் சொந்த சேனலில் ஓட்டினார். இந்தக் கட்டத்தைப் பற்றி ஒரு முக்கியமான ஆய்வு உண்டு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ராகுல் தெலாங்கும், பொருளாதார அறிஞர் ஜோயல் வால்ட்ஃபோகலும் வி.சி.ஆரும் கேபிளும் பரவிய 1985 முதல் 2000 வரையிலான இந்திய சினிமாவை ஆராய்ந்தார்கள். ஒரு படத்தின் வருமானம் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை விழுந்தது, எடுக்கப்பட்ட படங்களின் எண்ணிக்கையும் தரமும் குறைந்தன என்பது அவர்கள் முடிவு. திருட்டு நகலால் கலைக்கு ஒரு சேதமும் இல்லை என்று சாதிப்பவர்கள் இந்த ஆய்வைத் தாண்டிப் போக முடியாது. எடுக்கப்படாமல் போன படத்தை யாரும் பார்க்க முடியாது என்பதால் அந்த இழப்பு கண்ணில் படுவதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பின் வி.சி.டி. வந்தது. சென்னைக்குப் பர்மா பஜார் போல, பெங்களூருவுக்கு மெஜஸ்டிக்கில் நேஷனல் மார்க்கெட். மென்பொருளுக்கு எஸ்.பி. ரோடு. உலகத்துக்கெல்லாம் மென்பொருள் எழுதிக் கொடுத்த நகரத்தில், விண்டோஸ் திருட்டுப் பிரதி இல்லாமல் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்ததில்லை. இந்தியாவில் உரிமமில்லாத மென்பொருளின் பங்கு 2017இலும் 56 சதவீதம் என்றது மென்பொருள் நிறுவனங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு.

படத்துக்கு இங்கே இன்னொரு காரணமும் இருந்தது. 2004இல் கர்நாடகத் திரைப்பட வர்த்தக சபை, பிறமொழிப் படங்கள் வெளியாகி ஏழு வாரம் கழித்துத்தான் கர்நாடகத்தில் திரையிடப்பட வேண்டும் என்று கட்டுப்பாடு விதித்தது. கன்னட சினிமாவுக்குத் தியேட்டர் கிடைக்கவில்லை என்ற அவர்களின் ஆதங்கம் நியாயமானது. ஆனால் சென்னையில் ஓடும் படத்தை ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் சிவாஜிநகரிலும் இருந்த தமிழர்கள் ஏழு வாரம் காத்திருந்து பார்ப்பார்கள் என்று எதிர்பார்ப்பதற்கு, ரசிகனைத் தெரியாதவராக இருக்க வேண்டும். ஓசூர் நாற்பது கிலோமீட்டரில் இருந்தது, நேஷனல் மார்க்கெட் அதைவிடப் பக்கத்தில் இருந்தது. முறையான சரக்கே கடைக்கு வராத ஏழு வாரமும் சந்தை முழுவதும் திருட்டு வி.சி.டி.க்காரனுடையது.

பெங்களூருவிலிருந்தே இந்த நிலையை ஆழமாகப் படித்தவர்கள் இருந்தார்கள். இங்கே இயங்கிய ஆல்டர்னேட்டிவ் லா ஃபோரம் அமைப்பின் லாரன்ஸ் லியாங்கும், டெல்லியின் ரவி சுந்தரமும் எழுதிய இந்திய அத்தியாயம், அமெரிக்காவின் சமூக அறிவியல் ஆய்வு மன்றம் 2011இல் வெளியிட்ட வளரும் நாடுகளின் திருட்டு நகல் பற்றிய பெருந்தொகுப்பில் இருக்கிறது. ஜோ கரகானிஸ் தொகுத்த அந்த அறிக்கையின் மையக் கருத்து, திருட்டு நகலை முதன்மையாக ஒரு விலைச் சிக்கலாகப் பார்க்க வேண்டும் என்பது. பெரிய ஸ்டுடியோக்கள் அமெரிக்க விலையிலேயே இங்கும் டி.வி.டி. விற்றன. நம் வருமானத்தோடு ஒப்பிட்டால் அந்த விலை, ஓர் அமெரிக்கர் ஒரு வட்டுக்குப் பல நூறு டாலர் கொடுப்பதற்குச் சமம். சம்பளம் குறைவு, சரக்கின் விலை அதிகம், நகலெடுக்கும் கருவி மலிவு. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் வேறென்ன நடக்கும்?

இந்தக் கருத்தைச் சந்தையிலேயே சோதித்துப் பார்த்தவர்கள் மோசர் பேயர் நிறுவனத்தார். 2007இல் வி.சி.டி. 28 ரூபாய், டி.வி.டி. 34 ரூபாய் என்று முறையான வட்டுகளை விற்கத் தொடங்கினார்கள். பேருந்து நிலையம், சூப்பர் மார்க்கெட், பெட்டிக் கடை எங்கும் தமிழ்ப் படங்கள் அந்த விலையில் தொங்கின. திருட்டு வட்டின் விலையும் ஏறக்குறைய அதுதான். தெளிவான படம், கெட்டியான உறை. மக்கள் வாங்கினார்கள். ஆனால் அந்த அலமாரியில் தொங்கியவை பழைய படங்கள். வெள்ளிக்கிழமை வெளியான படம் அதில் கிடையாது. அதற்குத் திருட்டுக் கடையைத் தவிர வேறு கடை இல்லை. 2015இல் இயக்குநர் சேரன் அந்த இடைவெளியை அடைக்கத்தான் ‘சினிமா டு ஹோம்’ தொடங்கி, ‘ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை’ படத்தை 50 ரூபாய் டி.வி.டி.யாக வீட்டுக்கே கொண்டுவந்தார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு கமல்ஹாசன் ‘விஸ்வரூபம்’ படத்தை டி.டி.எச். வழியாகக் காட்ட முனைந்தபோது தியேட்டர் உரிமையாளர்கள் எதிர்த்து நின்றார்கள். இரண்டு முயற்சிகளும் கரைசேரவில்லை. காலத்துக்கு முன்பே வந்து தோற்ற இந்த இரண்டு பேரையும் தமிழ் சினிமா இன்னும் கொஞ்சம் மரியாதையோடு நினைவில் வைத்திருக்க வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் எல்லோரும் போய் நின்ற இடம் அவர்கள் முதலில் காட்டிய இடம்தான்.

இழப்பு எவ்வளவு என்ற கேள்விக்கு வருவோம். ஒரு திருட்டுப் பிரதி பார்க்கப்பட்டால் ஒரு டிக்கெட் போனது என்று கணக்கிடுவது எளிது, தவறும்கூட. மாதம் இருபது படம் டெலிகிராமில் பார்க்கும் கல்லூரி மாணவர், அது இல்லாவிட்டால் இருபது டிக்கெட் வாங்கியிருக்க மாட்டார். இரண்டு வாங்கியிருப்பாரா, ஒன்றாவது வாங்கியிருப்பாரா என்பதே ஆய்வாளர்களின் கேள்வி.

இசையில் தொடங்கிய விவாதம் இது. 2006இல் ராப், வால்ட்ஃபோகல் இருவரும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், ஐந்து ஆல்பம் இணையத்திலிருந்து பதிவிறக்கினால் ஒன்று வாங்குவது குறைகிறது என்று கண்டார்கள். அடுத்த ஆண்டே ஓபர்ஹோல்சர்-ஜீ, ஸ்ட்ரம்ப் இருவரும் பதிவிறக்கங்களால் விற்பனையில் கண்டறியத்தக்க பாதிப்பு எதுவுமில்லை என்று எழுதினார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பாதிப்பு உண்டு என்ற பக்கமே சாய்ந்தன. ஐரோப்பிய ஆணையம் பணம் கொடுத்து 2015இல் முடித்த பெரிய ஆய்வு ஒன்று, ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் ஜூலியா ரேடா விடாமல் கேட்ட பின் 2017இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. இசை, நூல், கணினி விளையாட்டு ஆகியவற்றில் திருட்டு நகல் விற்பனையைக் குறைப்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை என்றது அது. ஒரே விதிவிலக்கு, அப்போதுதான் வெளியான பெரிய படங்கள்: பத்துத் திருட்டுப் பார்வைக்கு நான்கு முறையான பார்வை போகிறது.

அமெரிக்கப் படங்களைப் பற்றி கார்னகி மெலன் ஆய்வாளர்கள் 2014இல் சொன்னதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வெளியாகும் முன்பே கசிந்த படத்தின் வசூல், வெளியான பிறகு கசிந்த படத்தைவிடச் சுமார் 19 சதவீதம் குறைகிறது. 2012 ஜனவரியில் மெகாஅப்லோட் தளத்தை அமெரிக்க அரசு மூடிய பிறகு, இரண்டு ஸ்டுடியோக்களின் டிஜிட்டல் விற்பனை 6.5 முதல் 8.5 சதவீதம் வரை கூடியது என்பதும் அவர்கள் கணக்கு.

இவற்றையெல்லாம் சேர்த்துப் படித்தால் சேதம் எங்கே குவிகிறது என்று தெரிகிறது. அது முதல் சில வாரங்களில் குவிகிறது. பழைய படத்தையும் பாட்டையும் நூலையும் திருட்டாகப் பார்ப்பதால் வரும் இழப்பு குறைவு, சில நேரம் அளக்கவே முடியாத அளவு. நம் ஊர் விநியோகஸ்தரைக் கேட்டால் ஆய்வே இல்லாமல் இதைச் சொல்வார். தியேட்டர் வசூலில் அவருடைய பங்கு முதல் வாரத்தில்தான் அதிகம், வாரம் போகப் போகத் தேயும். பெரிய நட்சத்திரப் படம் முதல் மூன்று நாளிலேயே போட்டதை எடுத்துவிடத் துடிப்பது இதனால்தான். சின்னப் படத்துக்கு அந்த வசதி இல்லை. வெள்ளிக்கிழமை பத்துப் பேர் பார்த்து, அவர்கள் சொல்லி ஞாயிற்றுக்கிழமை நூறு பேர் வந்து, இரண்டாவது வாரம் காட்சி கூடி ஓட வேண்டிய படம் அது. ‘நல்லா இருக்காம்’ என்ற பேச்சு பரவுவதற்குள் நல்ல பிரிண்ட் கைபேசிக்கு வந்துவிட்டால், அந்த இரண்டாவது வாரம் வருவதே இல்லை. 22,400 கோடி என்ற எண்ணுக்குள் இந்த இயக்குநரின் இழப்பு ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாது. என் வருத்தமெல்லாம் அவரைப் பற்றித்தான்.

விலைக்குத் திரும்புவோம். தமிழ்நாட்டில் டிக்கெட்டுக்கு அரசு உச்சவரம்பு உண்டு. சென்னை மல்டிபிளெக்ஸிலும் வழக்கமான இருக்கை 200 ரூபாயை ஒட்டியே நிற்கும். பெங்களூருவில் அப்படி இல்லை. 2025 ஆகஸ்ட் 14 அன்று ‘கூலி’ வந்தபோது இங்கே முதல் நாள் டிக்கெட் சில அரங்குகளில் ஆயிரத்தைத் தாண்டியது. வார இறுதியில் சாதாரணமாகவே ஒருவருக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், நான்கு பேர் குடும்பம் உள்ளே நுழைய 1,600 ரூபாய். பாப்கார்னும் தண்ணீரும் தனி. நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் விலையைக் குறைத்தபோது கைபேசித் திட்டம் மாதம் 149 ரூபாய்க்கு வந்துவிட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு டேட்டா விலை தரையைத் தொட்டுவிட்டது.

கர்நாடக அரசு இதைக் கவனிக்காமல் இல்லை. 2017 பட்ஜெட்டில் சித்தராமையா 200 ரூபாய் உச்சவரம்பை அறிவித்தார், நிலைக்கவில்லை. 2025 மார்ச் பட்ஜெட்டில் மறுபடி அறிவித்து, செப்டம்பர் 12 அன்று விதியாகவே வெளியிட்டார்கள். மல்டிபிளெக்ஸ் சங்கமும் தயாரிப்பாளர்கள் சிலரும் உயர் நீதிமன்றம் போனார்கள். பதினொரு நாளில் இடைக்காலத் தடை வந்தது. வழக்கின் ஒரு கிளை நவம்பரில் உச்ச நீதிமன்றத்தை எட்டியபோது, தண்ணீர் பாட்டிலுக்கு நூறும் காப்பிக்கு எழுநூறும் வாங்கினால் அரங்குகள் காலியாகத்தான் கிடக்கும் என்ற பொருளில் நீதிபதிகளே கருத்துச் சொன்னார்கள்.

இங்கே ஒரு நேர்மையான தடையைச் சொல்லியாக வேண்டும். விலை மட்டுமே காரணம் என்றால் டிக்கெட் மலிவான தமிழ்நாட்டில் திருட்டு நகல் குறைவாக இருந்திருக்க வேண்டும். ‘தமிழ்ராக்கர்ஸ்’ என்ற திருட்டுத் தளத்தின் பெயரே அதற்கு நேர்மாறானதைச் சொல்கிறது. விலை ஒரு காரணம். பக்கத்தில் தியேட்டர் இருக்கிறதா என்பது இன்னொன்று. இந்த நாட்டில் மொத்தத் திரைகள் சுமார் பத்தாயிரம், சீனாவில் 80 ஆயிரத்துக்கு மேல். பெங்களூருவிலேயே கபாலி தியேட்டர் போயிற்று, ரெக்ஸ் 2018 கடைசி நாளோடு மூடியது, காவேரி தியேட்டரும் 2024இல் போயிற்று. மூன்றாவது காரணம், படம் வருகிறதா இல்லையா என்பதே. 2018 ஜூனில் ‘காலா’ கர்நாடகத்தில் வெளியாக உயர் நீதிமன்றம் தலையிட்டுப் பாதுகாப்புக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. 2025 ஜூன் 5 அன்று மற்ற எல்லா இடங்களிலும் வந்த ‘தக் லைஃப்’ இங்கே வரவில்லை. கன்னடம் பற்றிக் கமல் சொன்ன ஒரு சொல்லுக்காக வர்த்தக சபை மறித்தது. படம் வெளியாவதைத் தடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி முடிப்பதற்குள் படத்தின் காலமே கடந்துவிட்டது. ஜூலை 3 அன்று அது நெட்ஃபிளிக்ஸுக்கு வந்துவிட்டது. இடைப்பட்ட நான்கு வாரம் பெங்களூருவில் அந்தப் படத்தை முறையாகப் பார்க்க ஒரு வழியும் இல்லை, திருட்டாகப் பார்க்க நூறு வழி இருந்தது. 2004இன் ஏழு வாரத்துக்கும் இதற்கும் இருபது ஆண்டு இடைவெளி. நாம் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

சட்டத்தின் கதை வேறு திசையில் போகிறது. தமிழ்நாடு 2004இல் வீடியோ திருடர்களைக் குண்டர் சட்டத்தில் சேர்த்தது. கர்நாடகம் தன் 1985ஆம் ஆண்டுக் குண்டர் சட்டத்தை 2014இல் திருத்தி, வணிக நோக்கத்தோடு பதிப்புரிமையை மீறுவோரை ‘டிஜிட்டல் குற்றவாளி’ என்று சேர்த்துக்கொண்டது. விசாரணை இல்லாமல் ஓர் ஆண்டு வரை உள்ளே வைக்கலாம். பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் ஏற்கெனவே மூன்று ஆண்டு வரை சிறை இருக்கும்போது இது எதற்கு? பெங்களூருவின் சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி அப்போதே எதிர்த்து எழுதியது. ஆசிட் வீசுபவனையும் சி.டி. விற்பவனையும் ஒரே திருத்தத்தில் கட்டிப்போடும் சட்டம் நீதி உணர்வுக்கே ஒவ்வாதது. அந்தப் பிரிவு நீக்கப்பட வேண்டும் என்றே நினைக்கிறேன்.

நீதிமன்றத் தடையுத்தரவுகளின் வழி இன்னும் சுவாரசியமானது. 2011 நவம்பரில் ‘3’ படத்தின் ‘கொலவெறி’ பாட்டு அரைகுறையாகக் கசிந்தது. தயாரிப்புத் தரப்பு முழுப் பாட்டையும் யூடியூபில் இலவசமாகவே விட்டது, உலகம் முழுக்கப் பரவியது. அடுத்த ஆண்டு அதே படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்ற பொதுத் தடையுத்தரவைக் காட்டி, இணைய நிறுவனங்கள் விமியோ போன்ற தளங்களையே முழுவதுமாக அடைத்தன. எதிர்த்து, 2012 ஜூன் 9 அன்று முகமூடி அணிந்த இளைஞர்கள் பெங்களூரு உட்படப் பல நகரங்களில் தெருவுக்கு வந்தார்கள். அதே மாதம் நீதிமன்றம், குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே அடைக்க வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. இதற்கும் முன்பே ஒரு பெங்களூரு நிறுவனம் உலகச் செய்தியாகியிருந்தது. 2010 செப்டம்பரில் ஏய்பிளெக்ஸ் சாஃப்ட்வேர், திரைத்துறைக்காகத் திருட்டுத் தளங்களை இணையத் தாக்குதலால் முடக்குவதாக அதன் தலைவரே பத்திரிகைக்குச் சொன்னார். அனானிமஸ் குழு அந்த நிறுவனத்தின் தளத்தையே முடக்கியது. ‘ஆபரேஷன் பேபேக்’ என்ற பெயரில் அது வளர்ந்து, ஆண்டுக் கடைசியில் விக்கிலீக்ஸ் விவகாரத்தில் மாஸ்டர்கார்டு, விசா வரை போனது.

2018இல் ‘2.0’ படத்துக்காக 12 ஆயிரத்துக்கு மேற்பட்ட தளங்களை அடைக்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. படம் வெளியான அன்றே கசிந்தது. 2019 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம், அடைத்த தளம் வேறு முகவரியில் முளைத்தால் புது வழக்கில்லாமலே அதையும் சேர்த்து அடைக்க வழி செய்தது. 2023இல் ஒளிப்பதிவுச் சட்டத் திருத்தம் மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 3 லட்சம் ரூபாய் தொடங்கிப் படத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை அபராதமும் கொண்டுவந்தது. இவற்றில் பயன் தரக்கூடியது எது என்று கேட்டால், கசிவின் வாயிலைப் பிடிப்பதுதான் என்பேன். தியேட்டரில் ஓடும் ஒவ்வொரு டிஜிட்டல் பிரதியிலும் கண்ணுக்குத் தெரியாத முத்திரை இருக்கிறது. எந்த அரங்கு, எந்தக் காட்சி என்று திருட்டுப் பிரதியை வைத்தே சொல்லிவிடலாம். பார்ப்பவர் கோடிக் கணக்கில் இருக்கிறார்கள், படம்பிடிப்பவர் விரல்விட்டு எண்ணும் அளவே.

பணம் எங்கே போகிறது என்ற கேள்விக்கு 2025 நவம்பரில் ஹைதராபாத்தில் ஒரு பதில் கிடைத்தது. ‘ஐபொம்மா’ தளத்தை நடத்தியவரைக் கைது செய்த போலீசார், அதன் வருமானம் சூதாட்டச் செயலிகளை விளம்பரப்படுத்தியதால் வந்தது என்றார்கள். இதை நம் ரசிகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ரெக்கார்டிங் சென்டர்காரரும் நேஷனல் மார்க்கெட் கடைக்காரரும் நகலை விற்றுப் பிழைத்தார்கள். இன்றைய தளம் நகலை விற்பதில்லை, படம் பார்க்க வருபவரையே சூதாட்டக் கம்பெனிக்கு விற்கிறது. சும்மா பார்க்கிறோம் என்று நினைப்பவர் தன் கைபேசி எண்ணையும் கவனத்தையும் கொடுத்துத்தான் பார்க்கிறார்.

சும்மா பார்ப்பதில் குற்றமில்லை என்பதையும் இதே இடத்தில் சொல்ல வேண்டும். இந்தியாவில் பாட்டுக் கேட்பவர்களில் மிகப் பெரும்பாலோர் யூடியூபில் ஒரு பைசா கொடுக்காமல்தான் கேட்கிறார்கள். அங்கே விளம்பரக் காசில் ஒரு பங்கு உரிமையாளருக்குப் போகிறது. கேட்பவர் கொடுப்பது இரண்டு இடத்திலும் பூஜ்யம். விளம்பர ரூபாய் போகும் திசைதான் வேறு. மேலே சொன்ன 2024 அறிக்கையிலேயே, விளம்பரத்தோடு இலவசமாகக் கிடைத்தால் முறையான தளத்துக்கு வந்துவிடுவோம் என்று திருட்டு வழிகளை நாடுவோரில் 64 சதவீதம் பேர் சொல்லியிருக்கிறார்கள். லண்டன் நகரப் போலீசார் பத்து ஆண்டுக்கு மேலாகத் திருட்டுத் தளங்களின் பட்டியலை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்து வருமானத்தை அறுக்கிறார்கள். தெலங்கானாவும் மகாராஷ்டிரமும் அதைப் போன்ற தனிப் பிரிவுகளைத் தொடங்கின. 2025 ஆகஸ்டில் வந்த இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தை உறுதியாக நடைமுறைப்படுத்தினாலே திருட்டுத் தளங்களின் வேர் பாதி அறும்.

உரிமையாளருக்குப் போகும் காசு படைப்பாளிக்குப் போகிறதா? தயாரிப்பாளர்கள் கேட்க விரும்பாத கேள்வி இது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியை எழுதிக்கொடுத்துவிட முடியாதபடி சட்டம் காத்தது 2012 திருத்தத்துக்குப் பிறகுதான். மாநிலங்களவையில் அதற்காக வாதாடியவர் ஜாவேத் அக்தர். இளையராஜா தன் பாட்டுகளுக்காக நோட்டீஸ் அனுப்பும்போதெல்லாம் அவரைப் பேராசைக்காரர் என்று திட்டுபவர்கள், திருட்டு வி.சி.டி.க்கு எதிராகக் கொடிபிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. படைப்புக்கு மதிப்பு உண்டென்றால் அதை உண்டாக்கியவருக்கு முதலில் உண்டு.

அந்த மதிப்பை ஒவ்வொரு பிரதிக்கும் விலைச்சீட்டு ஒட்டித்தான் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. பாரதி பாடல்களின் இசைத்தட்டு, ஒலிபரப்பு உரிமை ஏவி.எம். செட்டியாரிடம் இருந்தது. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியின் உரிமைகளைப் பெற்று, பின்னர் மக்களுக்கே பொதுவாக்கியது. அதன் பிறகு தமிழ்நாடு அரசு எத்தனையோ எழுத்தாளர்களின் குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமையாக்கியிருக்கிறது. இன்று அறிவியல் கட்டுரைகளுக்கும் அதைப் போன்ற ஒரு வழியே முயலப்படுகிறது. ஆய்வுக் கட்டுரைகளின் திருட்டு நகலை இலவசமாகத் தரும் சை-ஹப் தளத்தை 2025 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் அடைக்கச் சொன்னது. அதற்கு முந்தைய நவம்பரில் மத்திய அரசு மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, அரசுக் கல்வி நிலையங்கள் அனைத்துக்கும் ஆய்விதழ்களை வாங்கித் தரும் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழக மாணவருக்கும் ஒரு சிற்றூர் அரசுக் கல்லூரி மாணவருக்கும் இனி ஒரே நூலகம். கூட்டாகக் கொடுத்துத் தனித்தனியாக இலவசமாகப் படிக்கும் இந்த முறையைச் சினிமாவுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் பழைய தமிழ்ப் படங்கள் பல இன்று எங்கும் முறையாகக் கிடைப்பதில்லை, திருட்டுத் தளத்தில் மட்டுமே உயிரோடு இருக்கின்றன. அவற்றை வாங்கிப் பொதுவில் வைக்க ஓர் அரசு நினைத்தால் முடியும்.

என் முடிவு இது. கர்நாடக வர்த்தக சபை இனி ஒரு படத்தையும் மறிக்கக் கூடாது. மல்டிபிளெக்ஸ்காரர்கள் நீதிமன்றத்தில் வென்ற விலைச் சுதந்திரத்தைத் திங்கள் முதல் வியாழன் வரையிலாவது ஏழைக் குடும்பம் உள்ளே வரும் விலைக்குப் பயன்படுத்த வேண்டும். அரசு பார்ப்பவரை விட்டுவிட்டுப் படம்பிடிப்பவரையும் சூதாட்ட விளம்பரக்காரரையும் பிடிக்க வேண்டும். வாசகரிடம் கேட்பது ஒன்றுதான். தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் நான்கு வாரத்தில் ஓ.டி.டி.க்கு வந்துவிடுகின்றன. பார்த்தே ஆக வேண்டும் என்று மனம் துடித்தால் தியேட்டருக்குப் போங்கள், குறிப்பாகச் சின்னப் படம் என்றால் முதல் வாரத்திலேயே போங்கள். பணம் இல்லையென்றால் நான்கு வாரம் பொறுத்திருங்கள். அந்த நான்கு வாரத்துக்குள் வாட்ஸ்அப்பில் வரும் சுட்டியை மட்டும் திறக்காதீர்கள், அடுத்தவருக்கும் அனுப்பாதீர்கள்.